‘ஃபிளைட்ல போகாதீங்க’ என்று டாக்டர் சொன்னால், ஊட்டிக்கும் போகக் கூடாதா? நெஞ்சுக்கூட்டுக்குள் இருக்கும் மெல்லிய உறையின் கதை

மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட், கல்லாறு தாண்டி கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி குன்னூரைத் தொடும்போது பலூன் மாதிரி உப்பி நிற்கும். வீக் எண்டில் ஊட்டி போன பலரும் இதைப் பார்த்திருப்பார்கள். பாக்கெட்டுக்குள் யாரும் புதிதாகக் காற்று அடைக்கவில்லை. மேலே போகப் போக வெளியே காற்றழுத்தம் குறைகிறது. உள்ளே அடைபட்ட காற்று விரிகிறது. அவ்வளவுதான்.

நம் நெஞ்சுக்குள்ளும் காற்று இருக்கிறதே, அது விரியாதா? விரியும். ஆனால் நுரையீரலில் இருக்கும் காற்றுக்கு மூக்கும் வாயும் திறந்த வழி. விரிந்த காற்று நமக்குத் தெரியாமலே வெளியேறிவிடும். அதனால்தான் லட்சக்கணக்கானவர்கள் ஒரு பிரச்சினையும் இல்லாமல் ஊட்டிக்குப் போய் வருகிறார்கள்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் நடுவே, காற்று இருக்கவே கூடாத ஓர் இடம் உண்டு. அங்கே கொஞ்சம் காற்று கசிந்து மாட்டிக்கொண்டால், அதற்கு வெளியே போக வழி கிடையாது. அந்த நிலையில் மலை ஏறினால், சிப்ஸ் பாக்கெட்டுக்கு நடப்பதுதான் நெஞ்சுக்குள்ளும் நடக்கும்.

இந்தப் பிரச்சினைக்குப் பெயர் நியூமோதோராக்ஸ். முதியவர்களுக்கு மட்டும் வருவது அல்ல. உயரமாக, ஒல்லியாக இருக்கும் 20 வயது இளைஞருக்கு, எந்த விபத்தும் இல்லாமல், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வரலாம். அதைப் புரிந்துகொள்ள, முதலில் நெஞ்சுக்கூடு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

கூடு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது?

பின்னால் முதுகெலும்பின் 12 கண்ணிகள். முன்னால் நடுவில், டை தொங்கும் இடத்தில் தட்டையான மார்பெலும்பு. இரண்டையும் வளைத்துப் பிடிக்கும் 12 ஜோடி விலா எலும்புகள். இதுதான் நெஞ்சுக்கூட்டின் சட்டகம்.

12 ஜோடியும் ஒரே மாதிரி இல்லை. மேலே உள்ள 7 ஜோடிகள் தனித்தனிக் குருத்தெலும்பு வழியாக நேராக மார்பெலும்பில் சேர்கின்றன. 8, 9, 10-வது ஜோடிகள் தமக்கு மேலுள்ள குருத்தெலும்பைப் பிடித்துக்கொண்டு தொங்குகின்றன. கடைசி 2 ஜோடிகள் முன்பக்கம் எதையும் தொடுவதில்லை. அதனால் அவற்றுக்கு ‘மிதக்கும் விலா’ என்றே பெயர்.

ஒவ்வொரு விலாவுக்கும் அடுத்த விலாவுக்கும் நடுவே மூன்று அடுக்குத் தசைகள். கூட்டின் அடித்தளமாக, குடை விரித்த மாதிரி வளைந்த ஒரு தசைத் தகடு. அதுதான் உதரவிதானம். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் சுவர் அது.

இதில் ஒரு சின்ன விவரம் ஆஸ்பத்திரிகளில் தினமும் உயிர் காக்கிறது. ஒவ்வொரு விலா எலும்பின் கீழ் ஓரத்திலும் ஒரு பள்ளம் ஓடுகிறது. அதற்குள் மேலிருந்து கீழாக ஒரு சிரை, ஒரு தமனி, ஒரு நரம்பு வரிசையாகப் போகின்றன. எலும்பு அவற்றுக்கு ஓர் இறவாரம் மாதிரி. அதனால் நெஞ்சில் ஊசி போட வேண்டுமானால் மருத்துவர் எப்போதும் கீழ் விலாவின் மேல் விளிம்பை ஒட்டியே குத்துவார். மேல் விலாவின் கீழ் விளிம்பை ஒட்டிக் குத்தினால் ரத்தக்குழாய் கிழியும்.

இரண்டு உறை, நடுவில் இரண்டு மூன்று டீஸ்பூன் நீர்

கூட்டுக்குள் வலமும் இடமுமாக இரண்டு நுரையீரல்கள். ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு மெல்லிய இரட்டை உறை இருக்கிறது. மருத்துவர்கள் இதை ‘ப்ளூரா’ என்பார்கள்.

‘இரட்டை’ என்றால் எப்படி? வாய் கட்டிய, உள்ளே எதுவும் இல்லாத ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து, அதன் ஒரு பக்கத்தில் முஷ்டியை வைத்து அழுத்துங்கள். பை முஷ்டியைச் சுற்றிக்கொள்ளும். முஷ்டியை ஒட்டி ஒரு அடுக்கு, அதற்கு வெளியே இன்னொரு அடுக்கு. முஷ்டி பைக்குள் போகவே இல்லை. ஆனாலும் பை அதைச் சுற்றி இரண்டு அடுக்காக இருக்கிறது. நுரையீரல்தான் அந்த முஷ்டி. அதன் மேலேயே ஒட்டியிருப்பது உள் உறை. விலா எலும்புகளின் உட்பக்கத்திலும் உதரவிதானத்தின் மேலும் ஒட்டியிருப்பது வெளி உறை. இரண்டும் நுரையீரலின் வேர்ப் பகுதியில் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன.

இரண்டு உறைகளுக்கும் நடுவே இடைவெளி என்று சொல்வதே மிகை. அங்கே இருப்பது ஒரு மெல்லிய நீர்ப் படலம் மட்டும்தான். முழு நெஞ்சிலும் சேர்த்தே சுமார் 10 முதல் 20 மில்லி. இரண்டு மூன்று டீஸ்பூன். அந்த நீர் ஒரு பக்கம் ஊறிக்கொண்டே இருக்கும், இன்னொரு பக்கம் வெளி உறையில் உள்ள நுண்ணிய நிணநீர்த் துளைகள் வழியாக வடிந்துகொண்டே இருக்கும்.

இவ்வளவு கொஞ்சம் நீர் என்ன செய்யும்? கழுவிய எவர்சில்வர் டம்ளர்களை ஈரத்தோடு ஒன்றுக்குள் ஒன்று போட்டுப் பிரிக்க முயன்ற எவருக்கும் பதில் தெரியும். டம்ளரைச் சுற்றலாம், வழுக்கிக்கொண்டு சுற்றும். ஆனால் இழுத்தால் லேசில் வராது. இரண்டு உறைகளும் அப்படித்தான். ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும், ஆனால் பிரியாது.

வலது உறைப் பைக்கும் இடது உறைப் பைக்கும் தொடர்பு இல்லை. ஒரு பக்க நுரையீரல் சுருங்கினாலும் மறுபக்கம் வேலை செய்து ஆளைக் காப்பாற்றுவது இதனால்தான்.

மூச்சை ‘இழுப்பது’ யார்?

நுரையீரலுக்குத் தானாக விரியத் தெரியாது. அது ரப்பர் மாதிரி. விட்டால் சுருங்கவே பார்க்கும். நெஞ்சுக்கூடோ எதிர்ப்பக்கம், வெளியே விரியப் பார்க்கும். இந்த இழுபறிக்கு நடுவே மாட்டிக்கொண்டிருப்பதால் உறைகளுக்கு இடையே அழுத்தம் வெளிக் காற்றைவிட எப்போதும் கொஞ்சம் குறைவாக இருக்கிறது. அமைதியாக மூச்சுவிட்டு முடித்த நிலையில், சுமார் 5 சென்டிமீட்டர் நீர் அளவுக்குக் குறைவு.

மூச்சு இழுக்கும்போது உதரவிதானம் கீழே இறங்குகிறது. விலா எலும்புகள் வாளியின் கைப்பிடி மாதிரி பக்கவாட்டில் உயர்கின்றன. கூடு பெரிதாகிறது. ஈர டம்ளர் ஒட்டுதலால் நுரையீரலும் கூடவே இழுபட்டு விரிகிறது. காற்று உள்ளே வருகிறது. மூச்சை விடும்போது நுரையீரல் தன் ரப்பர் தன்மையால் தானே சுருங்கிக்கொள்கிறது.

எக்ஸ்ரே அறையில் “நல்லா மூச்சை இழுத்து, அப்படியே பிடிங்க” என்று டெக்னீஷியன் சொல்வதும் இதற்காகத்தான். மூச்சை இழுத்தால் உதரவிதானம் இறங்கி, நுரையீரலின் கீழ்ப்பகுதி மறைவிலிருந்து வெளியே வரும். விலாவும் உதரவிதானமும் சேரும் அந்தக் கீழ் மூலை படத்தில் கத்தி முனை மாதிரி கூர்மையாகத் தெரிய வேண்டும்.

வாயுப் பிடிப்பா, உறையின் வலியா?

விலாப்பக்கம் சுரீர் என்று வலித்தால் நம் ஊரில் வரும் முதல் வார்த்தை ‘வாயுப் பிடிப்பு’. அடுத்து சோடா, ஓமத் தண்ணி, தைலம். “மூச்சு பிடிச்சுக்கிச்சு, சரியாயிடும்” என்று வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

பல நேரம் அது சரியாகவும் இருக்கும். நெஞ்சுச் சுவரின் தசையோ, விலாவும் மார்பெலும்பும் சேரும் குருத்தெலும்பு மூட்டோ வலிக்கலாம். நாள் முழுக்கச் சரிவில் நின்று கொழுந்து பறித்து, மூட்டையைச் சுமப்பவருக்கும் வரும். திடீரென்று ஜிம்முக்குப் போனவருக்கும் வரும். இந்த வலிக்கு ஓர் அடையாளம் உண்டு. விரலால் குறிப்பிட்ட இடத்தை அழுத்தினால் “இங்கதான்” என்று சொல்ல முடியும்.

உறையின் வலி வேறு. நுரையீரலுக்கும் அதை ஒட்டிய உள் உறைக்கும் இந்த மாதிரி வலி உணர்வு கிடையாது. வெளி உறைக்குத்தான் உண்டு. விலா நரம்புகள் அதற்கு வருவதால் வலி கத்தியால் குத்தியது போல் துல்லியமாக இருக்கும். மூச்சை ஆழமாக இழுக்கும்போதும், இருமும்போதும், தும்மும்போதும் கூடும். வலிக்குப் பயந்து ஆள் மேலோட்டமாகவே மூச்சு விடுவார்.

இன்னொரு விநோதம்: உதரவிதானத்தின் நடுப்பகுதியை மூடும் உறைக்கு நரம்பு வருவது கழுத்திலிருந்து. அங்கே அழற்சி வந்தால் வலி தோள்பட்டையில் தெரியும். தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருப்பார்கள், பிரச்சினை நெஞ்சின் அடித்தளத்தில் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. நடு நெஞ்சில் இறுக்கிப் பிடிக்கிற, பாரம் வைத்த மாதிரி வலி, இடது கை அல்லது தாடைக்குப் பரவுவது, வியர்த்துக் கொட்டுவது எல்லாம் மாரடைப்பின் அறிகுறிகள். அதை எந்த வகைப் பிடிப்பு என்று ஆராய்ந்துகொண்டிருக்கக் கூடாது.

காற்று கசிந்தால்?

நுரையீரலின் மேல் நுனியில் சிலருக்குச் சின்னச் சின்னக் கொப்புளங்கள் இருக்கும். இருப்பதே தெரியாது. அவற்றில் ஒன்று உடைந்தால் காற்று உறைகளுக்கு நடுவே புகுந்துவிடும். ஈர டம்ளர் ஒட்டுதல் போய்விடும். நுரையீரல் தன் இயல்புப்படி சுருங்கும். இதுதான் நியூமோதோராக்ஸ்.

உயரமான, ஒல்லியான இளம் ஆண்களுக்கு அதிகம் வருகிறது. சிகரெட், பீடி பிடித்தால் ஆபத்து பல மடங்கு கூடும். வயதானவர்களில் நாட்பட்ட நுரையீரல் நோய், பழைய காசநோய் உள்ளவர்களுக்கு வரலாம். பைக் விபத்தில் விலா உடைந்து அதன் முனை நுரையீரலைக் கிழித்தாலும் இதேதான்.

அறிகுறி: திடீரென்று ஒரு பக்கம் குத்து வலி, கூடவே மூச்சு வாங்குதல். இதில் ஒரு பொறி இருக்கிறது. ஆரோக்கியமான இளைஞருக்கு அந்த வலி ஒரு நாளுக்குள் தானாகவே குறைந்துவிடலாம். ஆனால் காற்று உள்ளே அப்படியேதான் இருக்கும். உடல் அதை மெதுவாகத்தான் உறிஞ்சும். சிகிச்சை இல்லாமல் விட்டால் நாளொன்றுக்கு அந்தப் பக்க நெஞ்சின் கொள்ளளவில் சுமார் 1 முதல் 2 சதவீதம். கால் பங்கு இடத்தைக் காற்று பிடித்திருந்தால், அது போக 2 வாரங்களுக்கு மேல் ஆகலாம். ‘வெள்ளிக்கிழமை வலிச்சுது, சனிக்கிழமை சரியாயிடுச்சு, டிரிப்பை ஏன் கேன்சல் பண்ணணும்?’ என்று கிளம்பும்போது உள்ளே காற்று இருக்கிறதா என்பது எக்ஸ்ரே எடுக்காமல் தெரியாது.

ஊட்டி ஏறினால் எவ்வளவு விரியும்?

கணக்கு எளிது. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். அங்கே அழுத்தம் சுமார் 580. கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு குறைவு. அழுத்தம் குறைந்தால் அதே விகிதத்தில் அடைபட்ட காற்று விரியும் என்பது பள்ளியில் படித்த பாயில் விதி. சென்னையில் 1 லிட்டராக இருந்த காற்று ஊட்டியில் சுமார் 1.3 லிட்டர் ஆகும். மேட்டுப்பாளையத்திலிருந்து கணக்கிட்டாலும் சுமார் கால் பங்கு கூடும். தொட்டபெட்டா உச்சிக்கு, அதாவது 2,637 மீட்டருக்குப் போனால் இன்னும் கொஞ்சம்.

இப்போது விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 35,000 அடியில் பறந்தாலும் கேபினுக்குள் அழுத்தம் செயற்கையாகப் பராமரிக்கப்படுகிறது. வழக்கமாக அது 6,000 முதல் 8,000 அடி உயரத்துக்குச் சமமாக இருக்கும். ஊட்டி சுமார் 7,350 அடி. அதாவது, அழுத்தத்தைப் பொறுத்தவரை ஊட்டி பஸ் ஸ்டாண்டில் நிற்பதும், பறக்கும் விமானத்தில் சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

நியூமோதோராக்ஸ் வந்தவர்களிடம் மருத்துவர்கள் கண்டிப்பாகச் சொல்வது, “ஃபிளைட்ல போகாதீங்க.” அதற்கான அதே இயற்பியல் காரணம் மலைப் பாதைக்கும் பொருந்தும். காற்று விரிந்தால் சுருங்கிய நுரையீரல் இன்னும் சுருங்கும். மோசமான நிலையில், காற்று உள்ளே போகும் ஆனால் வெளியே வராது என்று ஒரு வழி வால்வு மாதிரி ஆகிவிட்டால், அழுத்தம் ஏறி இதயத்தையே மறுபக்கம் தள்ளும். இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் தடைபடும். ரத்த அழுத்தம் விழும். நிமிடங்களில் ஊசி போட்டுக் காற்றை வெளியேற்றாவிட்டால் உயிர் போய்விடும்.

இது சுற்றுலாப் பயணிகளுக்கு மட்டுமான கணக்கு இல்லை. ஊட்டி, கோத்தகிரி, குன்னூரில் வீடு உள்ளவர் கோவையில் சிகிச்சை எடுத்துக்கொண்டு டிஸ்சார்ஜ் ஆகும்போது, “எனக்கு வீடு மலை மேல” என்று மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கோவை சுமார் 411 மீட்டர். ஊட்டிக்கு வீடு திரும்புவதே சுமார் 1,800 மீட்டர் ஏற்றம்.

மலையில் இருக்கும்போதே வலியும் மூச்சுத்திணறலும் வந்தால்? கீழே இறங்கினால் காற்று சுருங்கும் என்பது உண்மை. அதற்காகத் தானே வண்டியை எடுத்துக்கொண்டு இறங்க முயல்வது ஆபத்து. முதலில் பக்கத்து மருத்துவமனை, இல்லையென்றால் 108. ஊட்டியில் 2025 ஏப்ரலில் நீலகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 700 படுக்கைகளுடன் திறக்கப்பட்டது. ஒரு நெஞ்சு எக்ஸ்ரே, தேவைப்பட்டால் ஒரு குழாய். முதல் கட்ட சிகிச்சை அதுதான். சாதாரணமாக அக்குள் கீழே, 5-வது விலா இடைவெளியை ஒட்டிய பாதுகாப்பான பகுதியில் குழாய் செருகி, காற்றை வெளியேற்றுவார்கள்.

நீர் கோத்தால்?

“நுரையீரல்ல நீர் கோத்திருக்கு” என்று சொல்வோம். பெரும்பாலும் நீர் நுரையீரலுக்குள் இல்லை. அதைச் சுற்றிய இரண்டு உறைகளுக்கு நடுவே இருக்கிறது. இரண்டு மூன்று டீஸ்பூன் இருக்க வேண்டிய இடத்தில் அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று சேர்ந்துவிடுகிறது.

காரணம் பல. இதயம் பலவீனமானால் வரும். சிறுநீரகம், கல்லீரல் கெட்டால் வரும். நிமோனியா, புற்றுநோயால் வரும். இந்தியாவில் இளம் வயதில், ஒரு பக்கம் மட்டும், காய்ச்சலோடு நீர் கோத்தால் மருத்துவர் முதலில் சந்தேகிப்பது காசநோயை.

இந்த நீரை உலகம் முழுக்க மருத்துவர்கள் பார்த்தது எக்ஸ்ரே படச்சுருளில். அந்தப் படச்சுருள் தயாரிப்பில் ஊட்டிக்கும் ஒரு பங்கு உண்டு. மத்திய அரசின் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1960-ல் தொடங்கப்பட்டு, 1967-ல் ஊட்டியில் உற்பத்தியைத் துவக்கியது. ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு-வெள்ளை ஃபிலிமும் மருத்துவ எக்ஸ்ரே ஃபிலிமும் இங்கிருந்து போயின. ஆலை ஊழியர்கள் வாழ்ந்த பகுதிக்கு இன்றும் இந்து நகர் என்றே பெயர். 1990-களில் ஆலை நலிவடைந்து, பின்னர் மூடப்பட்டது. எக்ஸ்ரே இப்போது கம்ப்யூட்டர் திரைக்கு வந்துவிட்டது. ஆனால் பார்க்கும் இடம் மாறவில்லை. அதே கீழ் மூலைதான். கத்தி முனை மாதிரி இருக்க வேண்டிய மூலை மழுங்கியிருந்தால் நீர் என்று அர்த்தம். நேராக எடுத்த படத்தில் மூலை மழுங்க சுமார் 200 மில்லி சேர வேண்டும். அதைவிடக் குறைவான நீரை அல்ட்ராசவுண்ட் காட்டிக்கொடுத்துவிடும்.

எக்ஸ்ரே வருவதற்கு முன்? 1761-ல் ஆஸ்திரிய மருத்துவர் லியோபோல்ட் அவுன்புருகர், விரலால் நெஞ்சைத் தட்டிப் பார்த்து நீரைக் கண்டுபிடிக்கும் முறையை வெளியிட்டார். அவர் விடுதிக்காரர் வீட்டுப் பிள்ளை. ஒயின் பீப்பாயைத் தட்டிப் பார்த்தே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று சொல்வதை அங்கே பார்த்தவர். காற்று இருந்தால் டம் என்று ஒலிக்கும், நீர் இருந்தால் மந்தமாகக் கேட்கும். இன்றைக்கும் மருத்துவர் உங்கள் முதுகில் விரல் வைத்துத் தட்டுவது அதே முறை.

நீர் வற்றினால் நோய் போய்விட்டதா?

காசநோயால் வரும் நீரில் கிருமிகள் மிகக் குறைவு. உறைக்குள் புகுந்த சில கிருமிகளுக்கு எதிராக உடல் காட்டும் எதிர்வினையே பெரும்பகுதி. அதனால் சளிப் பரிசோதனையில் ‘இல்லை’ என்று வந்துவிடலாம். ஊசி மூலம் நீரை எடுத்துப் பரிசோதிப்பது, சில நேரம் உறையிலிருந்தே சின்னத் துணுக்கை எடுப்பது தேவைப்படும்.

இங்கேதான் இரண்டாவது பொறி. இந்த நீர் மருந்தே இல்லாமல் சில வாரங்கள், மாதங்களில் தானாகவே வற்றிவிடலாம். ‘உடம்பு தேறிடுச்சு’ என்று தோன்றும். மருந்துகள் பரவலாக வருவதற்கு முந்தைய காலத்து அமெரிக்க ராணுவ வீரர்கள் 141 பேரைத் தொடர்ந்து கவனித்து 1955-ல் வெளியான ஆய்வு வேறு கதை சொன்னது. நீர் வற்றிய பிறகும் சிகிச்சை பெறாத அவர்களில் சுமார் 65 சதவீதம் பேருக்குப் பின்னாளில் தீவிர காசநோய் வந்தது.

அடுத்த ஆண்டே, 1956-ல், சென்னையில் காசநோய் மருந்து சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. ஏழை நோயாளிகள் மருத்துவமனைப் படுக்கை இல்லாமல் வீட்டில் இருந்தபடி மருந்து சாப்பிட்டாலும் குணமாக முடியும் என்று அந்த மையத்தின் ஆய்வு காட்டியது. உலகம் முழுக்கக் காசநோய் சானடோரியங்கள் காலியாக அது ஒரு முக்கியக் காரணம். மலைக்குப் போய் சுத்தமான காற்றைச் சுவாசித்தால் காசநோய் குணமாகும் என்ற நம்பிக்கை அங்கே அடிபட்டது. குணமாக்கியது மாத்திரை.

உறையில் வந்த காசநோய்க்கும் வழக்கமாக 6 மாத மாத்திரைதான். அரசு மருத்துவமனைகளில் இலவசம். சிகிச்சை முடியும்வரை சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் மத்திய அரசுத் திட்டத்தில் கிடைக்கிறது. நெருக்கமான லைன் வீடுகளில் ஒருவருக்கு வந்தால், கூட இருப்பவர்களையும் பரிசோதிப்பது முக்கியம். பாதியில் மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பும். உறை தடித்து, நுரையீரல் முழுதாக விரிய முடியாமல் போகலாம்.

விலா எலும்பே வலித்தால்?

நீலகிரியில் நெஞ்சு வலிக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது சமவெளி மருத்துவர்கள் அடிக்கடி பார்க்காதது. 1952-ல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் நீலகிரி பழங்குடி மக்களின் ரத்தத்தில் அரிவாள் செல் மரபணு இருப்பதைப் பதிவு செய்தார்கள். இந்தியாவில் அந்த ரத்தக் குறைபாடு பற்றிய தொடக்கப் பதிவுகளில் முக்கியமானது அது.

பெற்றோர் இருவரிடமிருந்தும் இந்த மரபணு வந்தவருக்கு, ஆக்சிஜன் குறையும்போது சிவப்பணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்து நுண் ரத்தக்குழாய்களை அடைக்கும். விலா எலும்புக்குப் போகும் குழாய் அடைபட்டால் எலும்பே ரத்தமின்றித் தவிக்கும். வலி தாங்காமல் மேலோட்டமாக மூச்சு விடுவார். நுரையீரலின் அடிப்பகுதி விரியாது. அங்கே ஆக்சிஜன் குறையும். இன்னும் அதிகமான செல்கள் வளையும். இந்தச் சுழலில் நெஞ்சு நெருக்கடி வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வலிக்கு நல்ல மருந்து கொடுப்பதும், விழித்திருக்கும்போது அடிக்கடி ஆழமாக மூச்சு இழுக்க வைப்பதும் இங்கே ஆறுதலுக்கான விஷயம் இல்லை, சிகிச்சையே அதுதான்.

கூடலூரில் 1990-ல் தொடங்கிய அஸ்வினி அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனை, பனியர், குறும்பர் உள்ளிட்ட சமூகங்களில் அரிவாள் செல் நோயாளிகளைக் கண்டறிந்து கவனித்துவருகிறது. நாடு தழுவிய அளவில் இந்த நோயை ஒழிக்கும் திட்டம் 2023 ஜூலை 1 அன்று அறிவிக்கப்பட்டது. இலக்கு 2047.

இதே பாடம் விபத்தில் விலா உடைந்தவருக்கும் பொருந்தும். நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டுப் போடுவது பழைய வழக்கம். கட்டினால் வலி குறையும், ஆனால் மூச்சும் குறையும். சளி தேங்கி நிமோனியா வரும். அதனால் இப்போது கட்டுவதில்லை. வலி மருந்து, ஆழ்ந்த மூச்சுப் பயிற்சி, இவைதான்.

எப்போது தாமதிக்கக் கூடாது?

திடீர் ஒரு பக்க நெஞ்சு வலியோடு மூச்சு வாங்கினால், வலி குறைந்துவிட்டாலும், அன்றே ஒரு எக்ஸ்ரே.

உதடு நீலம் பாய்ந்தால், பேச மூச்சு போதாவிட்டால், மயக்கம் வந்தால், நெஞ்சில் அடிபட்ட பிறகு மூச்சுத்திணறல் கூடிக்கொண்டே போனால் 108.

2 வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு, மூச்சு இழுத்தால் விலாவில் குத்தல் என்றால் காசநோய்ப் பரிசோதனை.

அரிவாள் செல் நோய் உள்ளவருக்கு நெஞ்சு வலியும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் வீட்டில் காத்திருக்கக் கூடாது.

மறுபடி எப்போது மலை ஏறலாம்?

பிரிட்டிஷ் தொராசிக் சொசைட்டியின் வழிகாட்டுதல்படி, காற்று முழுவதும் போய்விட்டது என்று எக்ஸ்ரேயில் உறுதியான பிறகு குறைந்தது 7 நாள் கழித்தே விமானப் பயணம். ஊட்டி ஏற்றத்துக்கும் அதையே அளவுகோலாக வைத்து, சிகிச்சை கொடுத்த மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்வது பாதுகாப்பு. ஒருமுறை வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மீண்டும் வருவதால், சிகரெட்டை அன்றோடு விட வேண்டும். அறுவை சிகிச்சை மூலம் இரு உறைகளையும் நிரந்தரமாக ஒட்டவைக்கவும் முடியும். அந்தமானில் ஸ்கூபா டைவிங் போகும் ஆசை இருந்தால் மட்டும், அதற்கு முன் நெஞ்சு நோய் நிபுணரைப் பார்த்தே ஆக வேண்டும். தண்ணீருக்கடியில் 10 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே வரும்போது அடைபட்ட காற்று இரண்டு மடங்காக விரியும். ஊட்டி ஏற்றம் அதன் முன் ஒன்றுமே இல்லை.